கிடைத்த பொருள் யாருக்கு?

ஒரகடம் கூட்டு ரோடு. பொழுது விடிந்தும் விடியாத நேரம்.

தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் இறங்குகிறார்கள். காலை ஷிப்ட்காரர்கள் ஏறுகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் சாப்பாட்டுப் பை. சிறிது நேரத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது.

டீக்கடை பெஞ்சுக்குக் கீழே ஒரு பர்ஸ் கிடக்கிறது!

கடைக்காரர் அதை எடுத்துப் பார்க்கிறார். உள்ளே பணம் இருக்கிறது. ஒரு சாவி இருக்கிறது. ஓர் அட்டையும் இருக்கிறது. அட்டையில் உள்ள எழுத்து தமிழ் அல்ல. இங்கிலீஷும் அல்ல. ஜப்பான் எழுத்து!

இப்படி நடப்பதாக வைத்துக் கொள்வோம். கடைக்காரர் என்ன செய்வார்? என்ன செய்ய வேண்டும்?

பல நாட்டார் கூடும் இடம்

இராமானுசர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் ஏரியும் வயலுமாக இருந்தது. இன்று நிலைமை வேறு. 1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் கொரியா நாட்டு ஹூண்டாய் கம்பெனியின் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் கம்பெனி அங்கே லாரி தயாரிக்கத் தொடங்கியது.

தொழிற்சாலைகளோடு ஆட்களும் வந்தார்கள். ஜப்பானியர், கொரியர், ஜெர்மானியர் வந்தனர். பீகார், ஒடிசா, அசாம் மாநிலங்களில் இருந்து தொழிலாளர்கள் வந்தனர். பக்கத்தில்தான் காஞ்சிபுரம். கோவில்களைப் பார்க்க வரும் வெளிநாட்டாரும் உண்டு.

இவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. பொருளைத் தொலைத்தால் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்றும் தெரியாது.

வெளிநாட்டார் ஒருவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டால், ஊருக்குத் திரும்புவதே சிக்கல் ஆகிவிடும். முதலில் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். பிறகு தம் நாட்டுத் தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட்டோ, அவசரப் பயணச் சீட்டோ வாங்க வேண்டும். அதன் பின் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேற அனுமதி பெற வேண்டும். தாய் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தாலும், இத்தனையும் முடிந்தால்தான் விமானம் ஏற முடியும்!

பீகார் தொழிலாளியின் பர்ஸ் தொலைந்தால் மட்டும் துன்பம் குறைவா? ஆதார் அட்டையும் ஏ.டி.எம். அட்டையும் அதில்தான் இருக்கும். கையில் காசு இல்லை. ஊருக்குப் பணம் அனுப்ப வழி இல்லை. அவனுக்கு அந்தப் பர்ஸ்தான் பாஸ்போர்ட்!

17,303 பர்ஸ்கள்

தொலைந்த பர்ஸ் திரும்பி வருமா? இதை அறிய ஒரு பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவு 2019-ம் ஆண்டு "சயின்ஸ்" என்ற அறிவியல் பத்திரிகையில் வெளியானது.

40 நாடுகள். 355 நகரங்கள். மொத்தம் 17,303 பர்ஸ்கள்!

சோதனைக்காரர் ஒருவர் பாங்கு, தியேட்டர், ஓட்டல், தபால் ஆபீஸ் போன்ற இடங்களுக்குப் போவார். "இது ரோட்டில் கிடந்தது. எனக்கு அவசரம். நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி, பர்ஸை அங்கே இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பர்ஸில் ஒரு சாவி இருக்கும். கடைக்குப் போய் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் இருக்கும். உரியவரின் பெயரும் இ-மெயில் விலாசமும் இருக்கும். சில பர்ஸ்களில் பணமும் இருக்கும். சிலவற்றில் இருக்காது.

"பணம் இருந்தால் பர்ஸ் திரும்பாது" என்றுதான் யாரும் நினைப்பார்கள். பொருளாதார நிபுணர்களாலும் முடிவைச் சரியாகக் கணிக்க முடியவில்லை.

நடந்தது வேறு! பணம் இல்லாத பர்ஸ்களில் நூற்றுக்கு 40-க்குத்தான் உரியவருக்குத் தகவல் போயிற்று. பணம் உள்ள பர்ஸ்களில் நூற்றுக்கு 51-க்குத் தகவல் போயிற்று. 40 நாடுகளில் 38 நாடுகளில் இதே கதைதான்.

இந்தியாவிலும் சோதனை நடந்தது. கோவை உட்பட 8 நகரங்களில் 400 பர்ஸ்கள் கொடுக்கப்பட்டன. பணம் இல்லாதவற்றில் நூற்றுக்கு 22-க்குத் தகவல் போயிற்று. பணம் உள்ளவற்றில் நூற்றுக்கு 43-க்குத் தகவல் போயிற்று. ஏறக்குறைய இரண்டு மடங்கு!

காரணம் என்ன? வெறும் பர்ஸ் என்றால், "யார் அலைவது?" என்று விட்டுவிடுகிறார்கள். பணம் இருந்தால் மனச்சாட்சி பேசுகிறது. "இதை வைத்துக்கொண்டால் நான் திருடன்" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. ஊருக்குத் தெரியாவிட்டாலும் தனக்குத் தெரியும் அல்லவா?

சாவிக்கும் ஒரு பங்கு உண்டு. மூன்று நாடுகளில் சாவி இல்லாத பர்ஸ்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். சாவி உள்ள பர்ஸ்களே அதிகம் திரும்பின. சாவி எடுத்தவருக்குப் பயன்படாது. தொலைத்தவருக்கோ அது இல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது. அந்த இரக்கமும் வேலை செய்கிறது.

ஜப்பானில் என்ன வழக்கம்?

தொலைந்த பொருள் திரும்பக் கிடைப்பதற்குப் பெயர் பெற்ற நாடு ஜப்பான். அங்கே தெருவுக்குத் தெரு "கோபான்" என்ற சிறிய போலீஸ் சாவடி உண்டு. நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தெருவில் 10 யென் காசு கிடைத்தாலும் குழந்தைகள் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். போலீஸ்காரர் சிரிக்காமல், அலட்சியம் செய்யாமல், எழுதி வாங்கிக் கொள்கிறார்.

2018-ம் ஆண்டில் டோக்கியோ நகரப் போலீசாரிடம் மட்டும் 41 லட்சம் பொருள்கள் வந்து சேர்ந்தன. ரொக்கப் பணம் மட்டும் 380 கோடி யென்னுக்கு மேல்! அதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, தொலைத்தவர்களிடமே போய்ச் சேர்ந்தது. ஆனால் குடை வேறு கதை. தொலைத்த குடையைத் தேடி வருகிறவர் நூற்றுக்கு ஒருவர்தான்!

ஜப்பானியர் எல்லோரும் மகான்களா? இல்லை. அங்கும் சைக்கிள் திருடுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே தெளிவான சட்டம் இருக்கிறது. 1899-ம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2007-ல் அது புதுப்பிக்கப்பட்டது. பொருளைக் கண்டெடுத்தவர் 7 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். உரியவர் வந்து பெற்றுக்கொண்டால், மதிப்பில் நூற்றுக்கு 5 முதல் 20 வரை பரிசு கேட்கலாம். மூன்று மாதம் வரை யாரும் வராவிட்டால், பொருள் எடுத்தவருக்கே சொந்தம். அடையாள அட்டை, செல்போன் போன்றவை மட்டும் இதில் சேராது.

1980-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் டோக்கியோவின் கின்சா வட்டாரத்தில் ஒரு லாரி டிரைவர் ரோட்டோரத்தில் ஒரு துணி மூட்டையைக் கண்டார். பிரித்தால் உள்ளே 10 கோடி யென்! அவர் அதைப் போலீசில் ஒப்படைத்தார். அப்போது காத்திருக்கும் காலம் ஆறு மாதம். ஜப்பான் முழுவதும் இதே பேச்சு. ஆறு மாதமும் கடந்தது. யாரும் வரவில்லை. பணம் அவருக்கே கிடைத்தது! ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போயிற்று. மீதி அவருடையது. ஒப்படைத்ததால்தான், அந்தப் பணத்தை அவர் ஒளிக்காமல் செலவு செய்ய முடிந்தது.

ஜப்பானுக்குப் போகும் தமிழர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது. அங்கே பையைத் தொலைத்தால் நம்பிக்கை இழக்க வேண்டாம். ரயில் நிலையத்திலோ கோபானிலோ உடனே சொல்ல வேண்டும்.

நம் ஊரில் ஆள் இல்லையா?

உண்டு. 2021 ஜனவரி மாதம். குரோம்பேட்டையில் ஒருவர் தம் மகள் திருமண நாளில் ஆட்டோவில் வந்து இறங்கினார். நகைப் பையை ஆட்டோவிலேயே மறந்துவிட்டார். பையில் இருந்தது 50 பவுன்! பையைக் கண்ட ஆட்டோ டிரைவர் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனார். நகை முழுவதும் திருமண வீட்டுக்குத் திரும்பியது.

2018-ல் ஈரோட்டில் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ரோட்டில் 50 ஆயிரம் ரூபாயைக் கண்டெடுத்தான். ஆசிரியையிடம் கொடுத்தான். பணம் போலீசுக்குப் போயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளை. நடிகர் ரஜினிகாந்த் அவனை அழைத்துப் பாராட்டினார். அவனுடைய கதை பள்ளிப் பாடப் புத்தகத்திலும் வந்தது.

ஆக, நல்ல மனம் நமக்கும் குறைவு இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. "போலீசுக்குப் போனால் என்னையே சந்தேகப்பட்டால்?" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எங்கே கொடுப்பது என்ற குழப்பமும் இருக்கிறது. அந்தப் பயத்தில் சிலர் பர்ஸைத் தொடாமலே போய்விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பயப்பட வேண்டியது இல்லை. உரியவரிடம் சேர்ப்பதற்காகப் பொருளை எடுத்து வைத்தால் அது குற்றம் அல்ல. சட்டமே இப்படிச் சொல்கிறது.

எது குற்றம்? உரியவர் யார் என்று தெரிந்தும் வைத்துக்கொள்வது குற்றம். கண்டுபிடிக்க வழி இருந்தும் முயலாமல், தனக்கென்று எடுத்துக்கொள்வதும் குற்றம். 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-வது பிரிவாக இருக்கிறது. தண்டனை, குறைந்தது ஆறு மாதம். அதிகம் போனால் இரண்டு ஆண்டு ஜெயில். அபராதமும் உண்டு.

பரிசு கேட்கலாமா? 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. "கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு இவ்வளவு பரிசு" என்று உரியவர் அறிவித்து இருந்தால், அதைக் கேட்டு வாங்க உரிமை உண்டு. கொடுக்க மறுத்தால் வழக்குப் போடலாம். ஆனால் பொருளைத் தன் பொருள்போல் கவனமாகப் பாதுகாக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பொருளை எடுத்ததும், பக்கத்தில் உள்ள இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் எதிரில் உள்ளே இருப்பதை எண்ண வேண்டும். பிறகு சந்தேகத்துக்கு இடம் இல்லை.

அடையாள அட்டையில் கம்பெனிப் பெயர் இருந்தால், அந்தத் தொழிற்சாலை வாசலில் உள்ள காவலரிடம் தகவல் சொல்லலாம். பாஸ்போர்ட் என்றால் தாமதம் கூடாது. போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குவது நல்லது.

செல்போன் ஒலித்தால் எடுத்துப் பேச வேண்டும். பேசுவது இந்தியாக இருக்கலாம். கொரிய மொழியாக இருக்கலாம். "ஒரகடம், டீக்கடை" என்ற இரண்டு சொல் போதும். தேடுகிறவர் வந்துவிடுவார்.

தொலைத்தவருக்கும் கடமை உண்டு. தமிழ்நாடு போலீசின் இணையதளத்தில், தொலைந்த ஆவணங்களுக்குப் புகார் பதிவு செய்யலாம். தொலைந்த செல்போனை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்க, மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" இணையதளம் இருக்கிறது. ஏ.டி.எம். அட்டையை உடனே நிறுத்தி வைக்க, பாங்குக்குச் சொல்ல வேண்டும்.

இனி, அந்த டீக்கடைக்கு வருவோம்.

கடைக்காரர் கையில் பர்ஸ் இருக்கிறது. அவருக்கு ஜப்பான் எழுத்து படிக்கத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. உள்ளே இருக்கும் சாவியைப் பார்த்தாலே போதும். எங்கோ ஒரு வீட்டு வாசலில், ஒருவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நிற்கிறார் என்பது அவருக்குப் புரியும்.

பாய்லர் அடுப்பைத் தணித்துவிட்டு, கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, போலீஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டியதுதான். அரை மணி நேர வியாபாரம் போகும். போனால் போகட்டும்!