காட்டுப் பன்றியை வேவு பார்க்கும் கமரா

காட்டுப் பன்றி நம் நாட்டுக் கமக்காரருக்குப் புதிய பகையன்று. வயலோரத்திற் பரண் கட்டி, இரவிரவாகக் காவலிருந்தோர் அதன் மூக்கின் வலிமையை நன்கறிவர். எனினும் இலங்கைக் காடுகளில் அது தொன்றுதொட்டு வாழும் விலங்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது வந்தேறிய இனம். 1539ஆம் ஆண்டில் எர்னாண்டோ தெ சோட்டோ என்னும் ஸ்பானியத் தளபதி புளோரிடாவில் இறங்கியபோது, படையினரின் உணவுக்கெனப் பன்றிகளையும் உடன் கொண்டு சென்றான். அவற்றுட் சில தப்பியோடின என்பர். பின்வந்த குடியேறிகள் காட்டில் மேயவிட்ட வளர்ப்புப் பன்றிகளும் காலப்போக்கிற் கட்டுக்கடங்காது போயின. 1912இல் வட கரோலைனாவின் மலைப்புறமொன்றில் வேட்டைக்கென ஐரோப்பியக் காட்டுப் பன்றிகளைக் கொணர்ந்து அடைத்தனர். அவையும் வேலி கடந்து வெளியேறி ஏனையவற்றோடு கலந்தன. இன்று முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இவ்வினம் பரவியுள்ளது. டெக்சாசில் அதன் தொகை மிக அதிகம். பெண் பன்றி கருவுற்று நான்கு மாதத்துக்குள்ளேயே பல குட்டிகளை ஈனும். ஆதலால் எத்தனை கொன்றாலும் தொகை குறைவதாயில்லை. பயிருக்கும் நிலத்துக்கும் ஆண்டுதோறும் அவை விளைக்கும் நட்டம் நூறு கோடி டொலரையும் தாண்டும்.

அந்நாட்டில் அரசுக்குரிய காடுகள் பலவற்றில், உரிமச்சீட்டுப் பெற்றவர் எவரும் வேட்டையாடலாம். சொந்த நிலமுடையவன் சோளத்தைத் தூவிப் பன்றியை வரவழைப்பான். பொது நிலங்கள் பலவற்றிலோ இரை வைத்தல் கூடாது. இரவு வேட்டைக்கும் இடமில்லை. விடுமுறை நாளொன்றில் தொலைவிலிருந்து வரும் வேட்டைக்காரர், பன்றி எங்கே, எப்போது நடமாடுகின்றது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். இதற்கெனவே மரத்திற் கட்டிவிட்டு வரும் தானியங்கிக் கமராவை அவர் நாடுகின்றார்.

இக்கருத்து பழையது. ஜோர்ஜ் ஷைராஸ் என்னும் பென்சில்வேனியா வழக்கறிஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காட்டுப் பாதையிற் கம்பி கட்டி, விலங்கு அதனை இடறியதும் வெளிச்சம் பளிச்சிட்டுப் படம் பதியுமாறு செய்தார். அவர் எடுத்த இரவுப் படங்களை 1906இல் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ இதழ் வெளியிட்டது. இன்றைய கருவியிற் கம்பி இல்லை. வெப்பத்தை உணரும் சிறு பொறியொன்று அதன் முகப்பில் உண்டு. அப்பொறி வெப்பத்தையன்று, வெப்பத்தின் மாறுதலையே உணர்கின்றது என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். சூழலினும் வெம்மை மிக்க உடலொன்று அதன் பார்வையைக் குறுக்கே கடக்கும்போது கமரா விழித்துக்கொள்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத, அல்லது மங்கிய செம்புள்ளியாக மட்டுமே தெரியும் அகச்சிவப்பு ஒளியால் இரவிலும் படம் எடுக்கின்றது.

இவ்வியல்பை அறியாதவர் கருவியை நோவர். கடுங்கோடையின் நண்பகலில் சூழலின் வெப்பம் விலங்கின் உடல் வெப்பத்தை நெருங்கிவிடுவதால், பன்றி எதிரே நடந்தாலும் படம் பதியாது போகலாம். வெயிலிற் சூடேறிய புல் காற்றில் அசைந்தால், பன்றியே இல்லாத படங்கள் நூற்றுக்கணக்கிற் குவியும். ஆகவே முன்னுள்ள புல்லையும் கொப்பையும் அகற்றி, காலை மாலை வெயில் நேரே விழாதபடி வடக்கு நோக்கி, மனிதரின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்திற் கட்டுதல் நன்று. பாதையைச் சற்றுச் சாய்வாகப் பார்க்குமாறு வைத்தால், விரைந்தோடும் விலங்கும் தப்பாது.

எங்கே கட்டுவது என்பதைக் கமரா சொல்லித் தராது. அதற்குக் கால்நடையாக அலைந்தே ஆகவேண்டும். பன்றிக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு; உடலைத் தணிக்கச் சேற்றிற் புரளும். புரண்டபின் அருகிலுள்ள மரத்தில் உரோஞ்சும். அடிமரத்தில் ஒட்டிய சேறு ஈரமாயிருப்பின் வரவு அண்மையது. சேறு படிந்த உயரமே பன்றியின் உயரத்தையும் காட்டும். ஏர் உழுதாற்போற் கிளறிய மண், மானின் குளம்பைவிட வட்டமான அடிச்சுவடு, ஓக் மரத்தின் கீழ் உதிர்ந்த காய்கள் ஆகியவற்றையும் தேட வேண்டும். சுவடு தெரிந்த இடத்தில் ஓரிரு கமராக்கள் போதும். பத்துக் கமராக்களை வாங்கிக் கண்ட மரத்திலெல்லாம் கட்டுவோர் பற்றரிக்கடைக்கே இலாபம் தேடித் தருகின்றனர்.

இனி, படத்திற் பார்க்க வேண்டியது யாது? பெரும்பாலோர் தந்தத்தின் நீளத்தைப் பார்க்கின்றனர். என் கருத்தில், படத்தின் ஓரத்திற் பதிந்துள்ள மணியே பெறுமதி வாய்ந்தது. தொடர்ந்து சில இரவுகள் நள்ளிரவிலேயே பன்றிகள் வந்தனவாயின், அவை பகலில் உறங்கும் புதர் தொலைவில் உள்ளது என்று ஊகிக்கலாம். அவை வந்த திசையிலே கமராவைச் சிறிது சிறிதாகப் பின்னகர்த்திச் செல்ல வேண்டும். அந்தி மயங்கும் வேளையிலோ விடியற்காலையிலோ படம் கிடைக்கும் இடமே பகல் வேட்டைக்கு உகந்தது. கருவியின் மணிக்கூட்டில் முற்பகலும் பிற்பகலும் மாறியிருந்தால் இவ்வளவு உழைப்பும் வீண்.

பன்றி ஓரிடத்திற் பழகி நிற்பதுமன்று. இரை தீர்ந்தால் கூட்டமாகப் பெயர்ந்துவிடும். மூன்று வாரத்துக்கு முந்திய படம் பழங்கதையே. ஆயினும் புதுப்படம் காணும் ஆவலால் நாள்தோறும் கமராவண்டை போய்வருதல் அதனினும் கேடு. பன்றியின் பார்வை மந்தம். மோப்பமோ மிகக் கூரியது. கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாகப் படத்தை அனுப்பும் கமராக்கள் இதனாலேயே விரும்பப்படுகின்றன.

பொது நிலத்திற் கள்வர் பயமும் உண்டு. பாதையை விட்டு விலகி, தலைக்கு மேலான உயரத்திற் கட்டி, கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டி வைப்பார் பலர். விதிகளோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அரிசோனாவில் வேட்டைக்குத் துணையாக இக்கமராக்களைப் பயன்படுத்துவது 2022 சனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. விலங்குக்குத் தப்ப வழியில்லாது செய்வது நேரிய வேட்டையாகாது என்பது அங்கு எழுந்த வாதம்.

இதனினும் ஆழமான வினா மிசூரி மாநிலத்தில் எழுந்தது. தாய்ப் பன்றிகளும் குட்டிகளும் ஒரு கூட்டமாகவே வாழ்வன. அதில் ஒன்றைச் சுட்டால் எஞ்சியவை சிதறி, மிரண்டு, புதிய இடங்களிற் குடியேறுகின்றன. ஒரு வயலின் தொல்லை இவ்வாறு மூன்று வயல்களுக்குப் பரவுகின்றது. வேட்டைக்காரர் சிலர் விளையாட்டு குறையாதிருக்கப் பன்றிகளைப் புதிய காடுகளிற் கொண்டுபோய் விட்டதும் உண்டு. எனவே 2016இல் அம்மாநிலத்தின் வனசீவராசித் திணைக்களம் தன் நிலங்களிற் பன்றி வேட்டையைத் தடை செய்து, கூட்டத்தை முழுதாகப் பொறியில் அகப்படுத்தும் முறையை மேற்கொண்டது. வேட்டைக்காரர் பலர் இதனை வெறுத்தனர். கமக்காரரின் நோக்கில் அது சரியே என்பது என் துணிபு.

கமரா இம்முறையிலும் பயன்படுகின்றது. ஆனால் வேறு விதமாக. அகன்ற வட்டக் கூண்டொன்றை அமைத்து, வாயிலைத் திறந்தே வைத்து, உள்ளே சோளம் இடுகின்றனர். முதலிரவில் குட்டிகள் நுழையும். அடுத்தடுத்த இரவுகளில் இளையவை துணியும். முதிய பெண் பன்றி மட்டும் வெளியே நின்று மோப்பம் பிடிக்கும். பொறிகாரர் தொலைவில் தம் வீட்டிலிருந்தவாறே படத்தைப் பார்த்துத் தலைகளை எண்ணுகின்றார். பதினாறு உள்ள கூட்டத்தில் பதினைந்து அகப்பட்டாலும் வாயிலை மூடுவதில்லை. வெளியே நின்று கற்றுக்கொண்ட அப்பெண் பன்றி, இனி எந்தக் கூண்டையும் அணுகாது. அதன் குட்டிகளையும் அணுகவிடாது. ஆகவே அதுவும் உள்ளே தலைவைக்கும் இரவு வரை அவர் காத்திருக்கின்றார்.