மளிகைக் கடையில் பிறந்த இரண்டு பெயர்கள்: மோடிகளும் காந்திகளும் உறவினர்களா?

புதுதில்லி: தெற்கு தில்லியில் ஓக்லா பகுதிக்குச் செல்லும் வழியில் ‘மோடி மில்’ என்ற பெயரில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. தலைநகருக்குப் புதிதாக வருபவருக்கு அது பிரதமரின் பெயரால் அமைந்தது என்று தோன்றினால் வியப்பில்லை. உண்மையில் ஓர் ஆலையின் பெயரே அந்தப் பாலத்துக்கு ஒட்டிக்கொண்டது. தில்லியிலிருந்து மீரட் செல்லும் நெடுஞ்சாலையில் மோடிநகர் என்று ஒரு நகரமே உண்டு. அதற்கும் பிரதமருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரே குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் உறவினரா, ஒரே சமுதாயத்தினரா என்ற கேள்வி சாதாரண நாள்களில் திண்ணைப் பேச்சோடு முடிந்துவிடும். ஆனால் 2023-ம் ஆண்டில் இந்தக் கேள்வி ஒரு மக்களவை உறுப்பினரின் பதவியைப் பறித்து, உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2019 ஏப்ரல் 13-ம் தேதி கர்நாடக மாநிலம் கோலாரில் நடந்த தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் அன்றைய காங்கிரஸ் தலைவர் ராகுல் காந்தி ஹிந்தியில் பேசினார். நீரவ் மோடி, லலித் மோடி, நரேந்திர மோடி ஆகிய மூன்று பெயர்களையும் அடுக்கி, திருடர்கள் எல்லோருக்கும் மோடி என்ற பெயரே பொதுவாக அமைந்தது எப்படி என்று கேட்டார். அந்தப் பேச்சுக்காக குஜராத் பாஜக சட்டப்பேரவை உறுப்பினர் பூர்ணேஷ் மோடி சூரத் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். மோடி என்ற பெயர் கொண்ட அனைவரையும் ராகுல் இழிவுபடுத்திவிட்டார் என்பது அவரது புகார்.

சொல்லப்பட்ட மூவரையும் முதலில் பார்த்துவிடலாம். நரேந்திர மோடி வடக்கு குஜராத்தில் உள்ள வட்நகரில் எண்ணெய் ஆட்டுவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மோத் காஞ்சி சமுதாயத்தில் பிறந்தவர். குஜராத் அரசு 1994-ல் அச்சமுதாயத்தைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசின் பட்டியலில் அது 1999-ல் இடம்பெற்றது. நீரவ் மோடியின் குடும்பம் பாலன்பூர் வைர வணிகர்களைச் சேர்ந்தது, அவர்கள் ஜைனர்கள். லலித் மோடி, மோடிநகரை உருவாக்கிய தொழிலதிபர் குஜர்மல் மோடியின் பேரன். குஜர்மலின் பூர்வீகம் இன்றைய ஹரியாணாவில் உள்ள மகேந்திரகர். எனவே மூவரும் மூன்று ஊர், மூன்று சமூகம். ஒருவர் வீட்டுத் திருமண அழைப்பிதழில் மற்றவரின் பெயர் இடம்பெற வாய்ப்பே இல்லை.

பஞ்சாப் நேஷனல் வங்கியில் நடந்த ரூ. 13 ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட மோசடி 2018-ல் வெளியானபோது நீரவ் மோடியுடன் குற்றஞ்சாட்டப்பட்டவர் மெஹுல் சோக்சி. இவர் நீரவின் தாய்மாமன். அதாவது, அந்த விவகாரத்தில் உண்மையிலேயே உறவினராக இருந்தவரின் பெயர் மோடி அல்ல. குடும்பப் பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் விடை எவ்வளவு தவறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பெயர் வந்த வழி

தமிழில் நாம் ‘மோடி’ என்று எழுதினாலும், ஹிந்தியிலும் குஜராத்தியிலும் இச்சொல்லில் வருவது ‘ட’கர ஒலி அல்ல, நாவின் நுனி பல்லைத் தொடும் மெல்லொலி. அதை ஒலிப்படி ‘மோதி’ என்று எழுதினால், முட்டி மோதிய வினையாகப் படித்துவிடும் அபாயம் இருப்பதால் பத்திரிகைகள் ‘ட’வை ஏற்றுக்கொண்டன போலும். மராத்தியில் ‘மோடி’ என்று ஒரு பழைய எழுத்துமுறை உண்டு. அது உண்மையாகவே ‘ட’கரம் பயிலும் வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் சிலர் இரண்டையும் முடிச்சுப் போடுவதும் உண்டு.

மோடி என்றால் தானியமும் மளிகையும் விற்பவர் என்று பொருள். வங்காளத்தில் இன்றும் மளிகைக் கடைக்காரரை ‘முதி’ என்றே அழைக்கிறார்கள். பஞ்சாபின் சுல்தான்பூர் லோதியில் தௌலத் கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் குருநானக் கணக்கராகப் பணியாற்றினார் என்பது சீக்கிய மரபு. அந்தக் களஞ்சியத்தின் பெயர் ‘மோடிகானா’. ஆக, இது ஒரு தொழிலின் பெயர். மளிகைக் கடை நடத்தியவர் எந்த ஊரில், எந்தச் சாதியில், எந்த மதத்தில் இருந்தாலும் அவர் மோடி ஆகலாம்.

அதனால்தான் பார்சிகளிலும் மோடிகள் ஏராளம். ‘சிக்கந்தர்’ படத்தை எடுத்து நடித்த சோராப் மோடி பார்சி. சுதந்திரா கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரும், கோத்ரா தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றவருமான பிலு மோடியும் அவ்வாறே. அன்னிய உளவாளிகள் என்று எதிர்க்கட்சியினரை இந்திரா காந்தி தரப்பு சாடிவந்த காலத்தில், ‘நான் சிஐஏ ஏஜென்ட்’ என்று எழுதிய அட்டையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு வந்த அந்தப் பெரிய உருவத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1984 முதல் 1993 வரை டாடா ஸ்டீல் நிறுவனத்தின் தலைவராக இருந்த ருஸி மோடி அவருடைய சகோதரர். தொழிலைப் பெயராக்கிக்கொள்வது பார்சிகளுக்குப் புதிதல்ல. கிரிக்கெட் வீரர்கள் பரூக் என்ஜினீயர், நாரி கான்ட்ராக்டர் ஆகியோரின் பெயர்களே சான்று.

பாட்மிண்டனில் எட்டு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்ற சையத் மோடியின் கதை இன்னும் விந்தையானது. இவர் உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயரில் இருந்தது ‘மெஹ்தி’. பள்ளிப் பதிவேட்டில் அது ‘மோடி’ ஆகிவிட்டது. கடைசி வரை அதுவே நிலைத்தது. 1982-ல் பிரிஸ்பேனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற அவர், 1988 ஜூலை 28-ம் தேதி லக்னெளவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் பெயரால் நடத்தப்படும் சர்வதேசப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் இளைஞர்கள், சையதும் மோடியும் எப்படி ஒன்றாக வந்தன என்று கேட்பது நியாயமே.

வணிக உலகில் மோடி என்றால் ஒரு காலத்தில் மோடிநகர்தான். 1933-ல் சர்க்கரை ஆலையுடன் தொடங்கிய குஜர்மல் குடும்பம் பின்னர் டயர், நகல் இயந்திரம், சிகரெட் என்று கிளை விரித்தது. 1993-ல் ‘மோடிலுஃப்ட்’ என்ற விமான நிறுவனத்தையும் அக்குடும்பத்தின் ஒரு பிரிவு தொடங்கியது. அது மூன்றே ஆண்டுகளில் முடங்கியது.

காந்திகளின் கதை

எதிர்த்தரப்பின் பெயருக்கும் பொருள் அதேதான் என்பது இந்த விவகாரத்தின் சுவையான பகுதி. ‘காந்தி’ என்பது வாசனைப் பொருள்களும் மருந்துச் சரக்குகளும் விற்பவரைக் குறிக்கும். நம்மூர் வழக்கில் நாட்டு மருந்துக் கடைக்காரர். தம் முன்னோர் மளிகை வணிகர்களாக இருந்திருக்க வேண்டும் என்று மகாத்மாவே தம் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். இந்திய அரசியலின் இரண்டு துருவங்களும் ஒரே கடைத்தெருவிலிருந்து வந்த சொற்களைத்தான் பெயராகத் தாங்கி நிற்கின்றன.

ராகுல் காந்திக்கு இந்தப் பெயர் மகாத்மாவிடமிருந்து வரவில்லை. இந்திராவை 1942-ல் மணந்த பெரோஸ் காந்தி ஒரு பார்சி. அவருக்கும் போர்பந்தர் காந்தி குடும்பத்துக்கும் உறவு கிடையாது. மகாத்மா தத்தெடுத்ததால் பெயர் வந்தது என்ற கட்டுக்கதை இன்றும் உலவுகிறது. இந்தப் பெயர் ஒற்றுமை காங்கிரஸுக்கு எத்தனை தேர்தல்களில் உதவியது என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது. உதவவே இல்லை என்று சொல்வோரும் இருக்க மாட்டார்கள். பெரோஸை வெறும் மருமகனாகப் பார்ப்பதும் தவறு. முந்த்ரா ஊழலை மக்களவையில் அம்பலப்படுத்தி, 1958-ல் மாமனாரின் அமைச்சரவையிலிருந்த நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகக் காரணமானவர் அவர்.

இரு காந்தி குடும்பங்களும் நேருக்கு நேர் மோதியதும் உண்டு. 1989-ல் அமேதி தொகுதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து ஜனதா தளம் நிறுத்தியது ராஜ்மோகன் காந்தியை. மகாத்மாவுக்கு மகன் வழிப் பேரன், ராஜாஜிக்கு மகள் வழிப் பேரன். ‘அசல் காந்தி’ என்ற முழக்கத்துக்கு உரிமையுள்ள அவரை அமேதி தோற்கடித்தது. 1893-ல் விவேகானந்தர் பேசிய அதே சிகாகோ சர்வசமயப் பேரவையில் ஜைன சமயத்தின் சார்பில் பேசியவரும் ஒரு காந்திதான்: வீர்சந்த் ராகவ்ஜி காந்தி.

இன்னொரு முடிச்சும் உண்டு. பிரதமர் பிறந்த ‘மோத் காஞ்சி’ சமுதாயத்தின் பெயரில் உள்ள ‘மோத்’, சூரியன் கோயிலுக்குப் புகழ்பெற்ற மோதேராவைக் குறிப்பது. அவ்வூரைப் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்வோரில் அந்தணர், வணிகர், எண்ணெய் வணிகர் எனப் பல பிரிவினர் உண்டு. மகாத்மா காந்தி பிறந்தது மோத் வணிகர் பிரிவில்.

நீதிமன்றம் சொன்னது

அவதூறு வழக்கில் பிரதமர் புகார்தாரர் அல்ல. பாதிக்கப்பட்டவர் யாராவது உண்டென்றால் அது நரேந்திர மோடியாக மட்டுமே இருக்க முடியும் என்று ராகுல் தரப்பு வாதிட்டது. சூரத் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023 மார்ச் 23-ம் தேதி இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாளே வயநாடு உறுப்பினர் பதவி பறிபோனது. அவதூறுக்கு உச்சபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி பதவி இழக்கக் குறைந்தபட்சத் தண்டனையும் இரண்டு ஆண்டு. இரண்டும் ஒரே புள்ளியில் சந்தித்தன.

இதைப் பிற்படுத்தப்பட்டோருக்கு நேர்ந்த அவமதிப்பு என்று பாஜக நாடெங்கும் பிரசாரம் செய்தது. பெயர் குறிப்பிடப்பட்டவர்களில் இருவர் பிற்படுத்தப்பட்டோரே அல்லர் என்பது அந்தப் பிரசாரத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. அதே வேளையில் ராகுலின் பேச்சும் பாராட்டுக்குரியதல்ல. பெயரை வைத்து ஆளை எடை போடும் பழக்கத்தை எதிர்ப்பதாகச் சொல்லும் கட்சியின் தலைவர், கைதட்டலுக்காக அதே பழக்கத்தைக் கையிலெடுத்தார்.

குஜராத் உயர் நீதிமன்றம் 2023 ஜூலை 7-ம் தேதி நிவாரணம் அளிக்க மறுத்தது. உச்ச நீதிமன்றத்தில் ராகுலுக்காக வாதிட்ட அபிஷேக் சிங்வி, புகார்தாரரின் மூலப்பெயரே மோடி அல்ல, அவர் மோத் வணிக சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்றார். 13 கோடிப் பேர் கொண்டதாகச் சொல்லப்படும் சமுதாயத்தில், வழக்குத் தொடுத்தவர்கள் பாஜக பொறுப்பாளர்கள் மட்டுமே என்றும் சுட்டிக்காட்டினார். நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, 2023 ஆகஸ்ட் 4-ம் தேதி தீர்ப்பை நிறுத்திவைத்தது. உச்சபட்சத் தண்டனைக்கு விசாரணை நீதிமன்றம் காரணம் கூறவில்லை, ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது என்று குறிப்பிட்ட நீதிபதிகள், பொது வாழ்வில் இருப்பவர் கவனமாகப் பேச வேண்டும் என்று ராகுலுக்கும் ஒரு குட்டு வைத்தனர். மூன்று நாள் கழித்து உறுப்பினர் பதவி திரும்பக் கிடைத்தது.

கூட்டமாகச் சிலரைப் பற்றிச் சொல்வது எப்போது அவதூறாகும் என்ற சட்டக் கேள்வியில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானம் குறித்து வெளியான செய்திக்காக ‘தி ஹிந்து’ மீது வழக்குத் தொடரப்பட்டது. மாநாடு என்பது இன்னார் என்று வரையறுத்து அடையாளம் காணக்கூடிய குழு அல்ல என்று கூறி 1972-ல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. நடிகை குஷ்புவின் பேட்டிக்கு எதிராகத் தமிழகமெங்கும் குவிந்த வழக்குகளை 2010-ல் ரத்து செய்தபோதும், குறிப்பிட்ட எந்தக் குழுவையும் அவர் சாடவில்லை என்பதே ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. அதே குஷ்பு காங்கிரஸில் இருந்த 2018-ல், மோடி என்ற சொல்லின் பொருளையே ஊழல் என்று மாற்றிவிடலாம் என ட்விட்டரில் எழுதியிருந்தார். 2023-ல் அவர் பாஜகவில் இருந்தபோது காங்கிரஸார் அதைத் தோண்டி எடுத்து, இவர் மீதும் வழக்கு உண்டா என்று கேட்டனர்.

சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்த மண்ணிலிருந்து தில்லி வருபவருக்கு, அரசு விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் இன்றும் சங்கடம்தான். தந்தை பெயரை அதில் எழுதிவிட்டு, அலுவலகத்தில் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் தமிழர்கள் தலைநகரில் எத்தனையோ பேர்.

உச்ச நீதிமன்றம் 2023-ல் தண்டனையை நிறுத்திவைப்பதா என்பதை மட்டுமே பரிசீலித்தது. ஒரே பெயர் கொண்டோர் சட்டத்தின் பார்வையில் ஒரு குழுவா என்ற கேள்விக்கு அந்த ஆணை விடையளிக்கவில்லை. 2024 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 356-வது பிரிவில், ‘ஆள்களின் தொகுதி’ மீதான அவதூறு குறித்த பழைய விளக்கம் அப்படியே இடம்பெற்றுள்ளது. இரண்டு ஆண்டு என்ற உச்சபட்சத் தண்டனையிலும் மாற்றமில்லை. சமூக சேவையும் ஒரு தண்டனையாகப் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.