முட்டி வலிக்குது, இடுப்பைக் கவனிங்க!

வாலிபால்ல ஸ்மாஷ் அடிச்சிட்டு இறங்குறீங்க. பாயிண்ட் கிடைச்சாச்சு. ஆனா ராத்திரி ஹாஸ்டல் மாடிப்படி ஏறும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னாடி சுருக்குன்னு ஒரு வலி. தாவினதால வந்த வலின்னு நினைப்போம். ஆனா தாவினதுக்கான பில்லை முட்டி பெரும்பாலும் கட்டுறது தரையிறங்கும்போதுதான்.

முதல் வருஷ மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? மேலிருந்து வர்ற உடம்பை எவ்வளவு தூரத்துல நிறுத்துறோம்ங்கிறதுதான் கணக்கு. விழுந்த உயரத்தை நிறுத்தும் தூரத்தால வகுத்து, 1 கூட்டுங்க. தரை தர்ற சராசரி விசை உங்க எடையைப் போல எத்தனை மடங்குன்னு வந்துடும். 40 செ.மீ. உயரத்திலிருந்து வந்து, காலை விறைப்பா வச்சு 8 செ.மீ.ல நின்னா 6 மடங்கு. நல்லா மடங்கி 20 செ.மீ.ல நின்னா 3 மடங்கு. 60 கிலோ ஆளுக்கு முதலாவது சுமார் 3530 நியூட்டன், ரெண்டாவது 1770 நியூட்டன். உச்ச விசை இதைவிட அதிகம்.

"அப்போ முட்டியை மடக்கினா போதுமே?" அங்கதான் சிக்கல். சில்லுக்கு ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் போட்டுப் பாருங்க. மேலே தொடைத் தசை இழுக்குது, கீழே தசைநாண் இழுக்குது. முட்டி மடங்க மடங்க, இந்த ரெண்டு விசையோட தொகுபயன் சில்லைத் தொடை எலும்போட அழுத்தும். வலி உள்ளவங்க சிலர் தங்களை அறியாமலே காலை விறைப்பா வச்சு இறங்குறது இதனாலதான். சில்லுக்கு அழுத்தம் குறையும். ஆனா தரையோட அடி கூடிடும்.

வழி என்ன? சுமையை இடுப்போட பங்கு போடணும். நாற்காலியில உட்காரப் போற மாதிரி இடுப்பைப் பின்னாடி தள்ளி, உடம்பைக் கொஞ்சம் முன்னாடி சாய்ங்க. தரை விசையோட கோடு முட்டிக்குக் கிட்ட வரும், அதோட நெம்பு தூரம் குறையும். மிச்ச வேலையை பிட்டத் தசை பார்த்துக்கும்.

இன்னொரு விஷயம், முட்டி உள்பக்கமா சாயுறது. கிணத்துக் கப்பியை நினைச்சுக்கோங்க. கயிறு நேராத்தான் இருக்கு, கப்பி திரும்பிட்டா ஓரத்துல உரசும். சில்லு பக்கவாட்டில் விலகுற பிரச்சினை உள்ளவங்களை கிறிஸ்டோபர் பவர்ஸ் குழு எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 2003-ல் சொன்னதும் இதுதான்: எடை தாங்கி நிற்கும்போது, சில்லுக்கு அடியில தொடை எலும்புதான் உள்பக்கமா திரும்புது. அந்த எலும்பைப் பிடிச்சு வைக்கிறது இடுப்புத் தசைகள். அதனாலதான் பிசியோதெரபிஸ்ட் முட்டி வலிக்கு இடுப்புப் பயிற்சியும் தர்றார்.

வலி இல்லாத நாள்ல ஒரு சோதனை பண்ணுங்க. ஒரு படி உயரத்திலிருந்து ரெண்டு காலிலும் குதிங்க. நண்பர் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஸ்லோ மோஷன்ல எடுக்கட்டும். முட்டி கால்விரல் நேர்கோட்டில் இருக்கா? இடுப்பு பின்னாடி போகுதா? 'தொம்'னு சத்தம் வருதா? சத்தம் பெரிசா இருந்தா விறைப்பா இறங்குறீங்கன்னு அர்த்தம்.

ஏற்கெனவே வலி இருந்தா குதிக்காதீங்க. நாற்காலியில மெதுவா உட்கார்ந்து எழுந்து பழகுங்க. வீக்கம் இருந்தாலோ, முட்டி பூட்டிக்கிட்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ வீடியோவெல்லாம் வேண்டாம், நேரா டாக்டர்கிட்ட போங்க. டோர்னமெண்ட் அடுத்த வருஷமும் வரும்.