எம்டன்: கப்பலும் கட்டுக்கதையும்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. யுத்த காலத்திலோ அவ்வூர்வாய்க்கு ஆயிரம் நாவுகள் முளைத்துவிடுகின்றன. 1943-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜெர்மானியர், யூங்கர்ஸ் 390 என்னும் ஆறு எஞ்சின் பூண்ட பெரிய ஆகாய விமானமொன்றை முதன்முறையாகப் பறக்கவிட்டனர். அவ்வகை விமானம் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து நியூயார்க் நகரை அணுகி மீண்டதென்று யுத்தம் முடிந்தபின் ஒரு கதை எழுந்தது. அதற்குத் தக்க சான்று இல்லையென்பதே சரித்திர ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிபு. நெடுந்தூரம் வந்து தாக்கவல்ல யந்திரம் எதுவாயினும், அதனைப் பற்றிக் கதைகள் படர்வது இயல்பு போலும்.

அத்தகைய கதைக்கொடியொன்று நம் வடசென்னைக் கரையிலும் படர்ந்துள்ளது. எளிதில் அகப்படாத சாமர்த்தியசாலியொருவனைக் கண்டால், "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் வழக்கு இராயபுரம் முதல் கொடுங்கையூர் வரையிலும், அதற்கு அப்பாலும் உண்டு. மலையாளத்தில் "எமண்டன்" என்பது மிகப் பெரியதைக் குறிக்கும். ஒரு கப்பலின் பெயர் இவ்வாறு பல மொழிகளிற் புகுந்து பொதுச்சொல்லாயினமை வியக்கத்தக்கதன்றோ?

எம்டன், 1908-ஆம் ஆண்டு டான்ஸிக் நகரில் நீரில் இறக்கப்பெற்ற இலகு போர்க்கப்பல். பத்துப் பீரங்கிகளைத் தாங்கியது. சீனக் கரையிலுள்ள சிங்தாவ் துறைமுகத்தில் தங்கியிருந்த நாளில், அதன் வெண்ணிற அழகு கண்டு "கீழ்த்திசை அன்னம்" என்று அதனைப் பாராட்டினர். 1914-ஆம் ஆண்டு யுத்தம் மூண்டதும், கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் தம் படையினின்றும் பிரிந்து, இந்து மகாசமுத்திரத்தில் தனியே புகுந்தார். அங்கே அவருக்கு ஒரு துறைமுகமும் துணையில்லை. நிலக்கரி தீர்ந்தால் கப்பல் வெற்று இரும்பே. ஆதலின் உடன்வந்த கரிக்கப்பலிலிருந்தும், பிடிபட்ட வணிகக் கப்பல்களிலிருந்தும் கரியை எடுத்துக்கொண்டார். மூன்று புகைபோக்கிகளே கொண்ட தம் கப்பலுக்கு நான்காவதொரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, தூரத்திலிருந்து நோக்குவோர் ஆங்கிலக் கப்பலென்று மயங்கச் செய்தார். கம்பியில்லாத் தந்தியில் பிறர் பேச்சைக் கேட்டுத் தாம் மௌனமாயிருந்தார். எம்டனின் "மாயம்" எனப்பட்டது பெரும்பாலும் இவ்வளவே.

அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குமேல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய 3000 கஜ தூரத்தில் நின்று, தன் ஒளிவீச்சு விளக்கால் இலக்குகளைத் துலக்கிச் சுடலாயிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றும் அடிபட்டது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. அவற்றுளொன்று உயர்நீதிமன்ற மதிலைத் தாக்கியது. அதனை நினைவூட்டும் கல் அங்கே பதிக்கப்பெற்றுள்ளது. கரைப் பீரங்கிகள் எதிர்த்துச் சுடத் தொடங்கிய சிறிது நேரத்தில், கப்பல் விளக்கணைத்து இருளில் மறைந்தது.

குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். பொருட்சேதத்தினும் பெரிது அச்சத்தால் விளைந்த சேதம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் இரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் நகரைவிட்டு ஓடினர். தளபதி நாடியதும் அதுவே. இத்தாக்குதலால் இந்திய ஜனங்களின் கவனத்தை ஈர்ப்பதும், ஆங்கிலேயரின் வாணிகத்தைக் குலைத்து மதிப்பைக் குறைப்பதுமே தம் கருத்தென்று அவர் குறித்துள்ளார்.

இனி, கதைக்கு வருவோம். செண்பகராமன் பிள்ளை என்னும் தேசபக்தர் எம்டனில் இருந்து வழிகாட்டினாரென்பது பலரும் நம்பும் செய்தி. அவர் திருவனந்தபுரத்திற் பிறந்த தமிழர். அந்நிய நாட்டிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்தவர் என்பது மெய். ஆயின் யுத்தம் மூண்டபோது அவர் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபரிலேயே பெர்லின் சென்றார். கப்பலோ சீனக் கரையினின்று புறப்பட்டு வந்தது. சூரிச்சில் இருந்தவர் வங்கக்கடலில் எவ்வாறு ஏறியிருத்தல் கூடும்? நம்மை ஆண்டோர் ஓரிரவேனும் நடுங்கியதைக் கண்ட ஜனங்கள், அதில் நம்மவர் ஒருவரின் கையும் இருந்திருக்கவேண்டுமென விரும்பினர். அவ்விருப்பமே காலப்போக்கிற் செய்தியாயிற்று.

எம்டனின் வாழ்வு நெடிதன்று. நவம்பர் 9-ஆம் நாள் கோக்கோஸ் தீவருகே, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் போர்க்கப்பல் அதனை முறியடித்தது. நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட ஜெர்மானிய மாலுமிகள் மாண்டனர்.

கப்பலின் பெயர் நம் நாவில் நிலைத்துவிட்டது; தளபதியின் பெயரும் நூல்களில் நின்றது. அன்றிரவு துறைமுகத்தில் இறந்தோரின் பெயரை நம்முள் அறிந்தவர் எத்துணை பேர்? கதை எப்பொழுதும் சுட்டவனையே பின்தொடர்கின்றது. சுடப்பட்டவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனைத் தேடி நினைத்தல் சரித்திரம் பயில்வோர் கடமை. "எம்டன்" என்னும் சொல்லை இனிக் கேட்கும்போது, நண்பர்களே, அந்த ஐவரையும் ஒரு கணம் நினைப்போமாக.