பேரப்பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பாட்டியா? உங்க போன்ல இருந்தே உதவி தொடங்கலாம்!

சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் ஏதாவது ஓர் அரசுப் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பேரனின் கையைப் பிடித்து நடக்கும் பாட்டிகள் கண்ணில் படுவார்கள். அவர்களில் பலருக்கு அது சாயங்கால வேலை மட்டும்தான். ஆறு மணிக்கு மகளோ மருமகளோ வந்துவிடுவார்கள். சிலருக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. காலை டிபனில் தொடங்கி, ராத்திரி காய்ச்சல் அடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது வரை எல்லாமே பாட்டிதான்.

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு வீடு இருக்கலாம். நீங்களே அப்படி வளர்ந்தவராகவும் இருக்கலாம். அந்தப் பாட்டியிடம், "கவர்ன்மென்ட்ல மாசாமாசம் பணம் தர்றாங்க, கேட்டுப் பார்த்தீங்களா?" என்றால், "வேணாம்ப்பா, கேட்கப் போனா பிள்ளைய ஹோம்ல கொண்டுபோய் விட்ருவாங்க" என்று பதில் வரும்.

முதலில் இந்தப் பயத்தைப் பேசிடலாம். ஏன்னா, பணம் கிடைக்காமல் போக இதுவும் ஒரு பெரிய காரணம். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குடும்பத்தோடு இருப்பதற்குத்தான் முன்னுரிமை. மாதாமாதம் பணம் கொடுக்கும் ஏற்பாடே, வறுமையால் குழந்தை வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்த ஏற்பாட்டின் பெயர் 'மிஷன் வாத்சல்யா' நிதி ஆதரவு. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்துவது. ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், அதிகபட்சம் 18 வயது வரை. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தை, பெற்றோர் கடுமையான நோயில் விழுந்த குழந்தை, அம்மா கணவரை இழந்தவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருக்கும் குழந்தை எல்லாரும் இதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15-ல் 'அன்புக் கரங்கள்' திட்டத்தையும் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து இன்னொருவரால் கவனிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய். கொரோனாவில் அம்மா, அப்பா இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 2021-லேயே தனி அறிவிப்பு வந்தது. குழந்தை பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, உறவினரிடம் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாய். அப்போது எல்.கே.ஜி படித்த பிள்ளைகளுக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோன பெற்றோருக்கு இறப்புச் சான்றிதழ் இருக்கும். 'அப்பா எங்கேயோ போயிட்டார், அம்மா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க' என்ற வீட்டில் எந்தக் காகிதமும் இருக்காது. உண்மையில் அதிகம் தவிப்பவர்கள் இவர்கள்தான். பாட்டி வெளியில் சொல்லவும் கூச்சப்படுவார். இவர்கள் குழந்தையோடு குழந்தைகள் நலக் குழு முன் போய் நிலைமையைச் சொல்லலாம். 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை என்றால் 1098-க்கு போன் பண்ணுங்கள்.

இன்னொரு விஷயம். வளர்ப்பது வேறு, சட்டப்படி பாதுகாவலர் ஆவது வேறு. 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி, இயற்கைப் பாதுகாவலர்கள் அப்பாவும் அம்மாவும்தான். தாத்தா, பாட்டிக்கு அந்த இடம் தானாக வராது. தினசரி வாழ்க்கையில் இது பெரிதாகத் தெரியாது. அப்பா பெயரில் இருந்த நிலத்தில் பிள்ளையின் பங்கு பற்றிப் பேச்சு வரும்போதோ, "பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று இன்னொரு பக்கத்துச் சொந்தம் வந்து நிற்கும்போதோதான் தெரியும். நீதிமன்றத்தில் மனு போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெறலாம். வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

"வயசாயிடுச்சு, கோர்ட்டுல நம்மகிட்ட கொடுப்பாங்களா?" என்று கேட்கும் தாத்தாவுக்கு 2022 ஜூனில் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லுங்கள். கொரோனாவில் பெற்றோரை இழந்த குஜராத் சிறுவனை, மத்திய அரசு வேலையில் இருந்த சித்தி முறை உறவினரிடம் உயர் நீதிமன்றம் ஒப்படைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 71 வயது தாத்தாவிடமும் 63 வயது பாட்டியிடமும் சிறுவனை ஒப்படைத்தது. வருமானமும் வயதும் மட்டுமே அளவுகோல் ஆகிவிடாது என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது.

பாட்டிக்கென்று தனியாக, ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

சரி, இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்? இந்த வேலைகளில் பாதி ஓ.டி.பி-யில்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். குழந்தையின் ஆதாரில் இருப்பது இறந்துபோன அப்பாவின் நம்பராக இருக்கும், அந்த சிம் எப்போதோ கட் ஆகியிருக்கும். அதனால் முதல் வேலையாக ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் நம்பரை மாற்றுங்கள். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும், அதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். அடுத்தது ரேஷன் கார்டு. பழைய கார்டில் குழந்தையின் பெயரை நீக்கி, பாட்டியின் கார்டில் சேர்க்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பள்ளியில் தரும் படிப்புச் சான்று, வருமானச் சான்று, பேங்க் பாஸ்புக், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆபீஸிலும் ஒவ்வொன்று கேட்பார்கள். ஜெராக்ஸ் கடையில் பாட்டியைக் காக்க வைக்காமல் அனுப்பிவிடலாம்.

கலெக்டர் ஆபீஸுக்கு முதல் தடவை போகும்போது மட்டும் கூடவே போங்கள். அடுத்த தடவை எந்த மாடி, எந்த அறை என்று அவரே உங்களுக்குச் சொல்வார்.