பறவையுண்ணிச் சிலந்தி

தென் அமெரிக்காவின் வடபாலில், வெனிசுவேலா முதல் கயானா, சூரினாம், வடபிரேசில் ஈறாகப் பரந்து கிடக்கும் மழைக்காடுகளிலே ஒரு சிலந்தி வாழ்கின்றது. எடையில் அதனை வெல்லும் சிலந்தி உலகில் பிறிதொன்றில்லை. கொழுத்த பெண் சிலந்தி சுமார் 170 கிராம் நிறுக்கும். நம் பழைய அளவையிற் கூறின் ஏறத்தாழ 5 பலம். 1965-ஆம் ஆண்டு வெனிசுவேலாவிற் பிடிபட்ட ஒன்று, கால்களை விரித்த நிலையில் 28 சென்டிமீட்டர் இருந்தது. பெலிஸ்த வீரனாகிய கோலியாத்தின் பெயரை இதற்கு இட்டுக் ‘கோலியாத் பறவையுண்ணி’ என்று மேனாட்டார் வழங்குவர். கோலியாத் என்றது தகும். பறவையுண்ணி என்றதே ஆராயத்தக்கது.

1699-ஆம் ஆண்டில் மரியா சிபில்லா மெரியன் என்னும் மாதரசியார், தமது 52-ஆம் வயதில், மகளோடு ஆம்ஸ்டர்டாமிலிருந்து சூரினாமுக்குக் கப்பலேறினார். ஆண்டுள்ள பூச்சிகளை நேரிற் கண்டு வரைந்து 1705-இல் அவர் வெளியிட்ட நூலில், கொய்யாக் கிளையிலமர்ந்து ஹம்மிங் என்னும் சிறு பறவையைத் தின்னும் சிலந்தியொன்றன் ஓவியம் உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் அதனைக் கட்டுக்கதையென எள்ளினர். எள்ளினோர் சூரினாம் சென்று பார்த்தனரோ எனின், அஃது வேறு கதை! ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்பார், அமேசான் நாட்டில் மயிர்ச்சிலந்தியொன்று சிறு குருவிகளைப் பற்றியிருக்கத் தாமே கண்டதாக 1863-இல் எழுதினார். அம்மையாரின் சொல் அதன்பின்னரே மதிப்புப் பெற்றது. ஆயினும், மெரியன் வரைந்தது மரத்தில் வாழும் வேறோர் இனம். பெயர் மட்டும் நிலத்து வளையில் உறையும் இப்பெருஞ்சிலந்தியின் தலைமேல் ஏறிற்று.

உண்மையில் இதன் முதன்மையான உணவு யாது? நாங்கூழ் என்னும் மண்புழுவே! தவளையும் பூச்சியும் அகப்படின் உண்ணும். எலிக்குஞ்சும் எப்போதேனும் இரையாகும். பறவையோ மிக அரிது. கண்கள் எட்டிருந்தும் பார்வை மங்கலே. இரவில் வளைவாயிலிற் காத்திருந்து, நிலத்தின் அதிர்வைக் கால்மயிர்களால் உணர்ந்து பாயும். நஞ்சேற்றி, செரிப்புநீரைப் பெய்து இரையின் தசையைக் கூழாக்கி உறிஞ்சும்.

பகை நெருங்கினால் முன்னுறுப்புக்களின் மயிரை ஒன்றோடொன்று உராய்ந்து சீறும். அவ்வொலி 15 அடி தொலைவிலும் கேட்கும். அதற்கும் அஞ்சாதார்மேல், பின்கால்களால் வயிற்றைத் தேய்த்துச் சுணையைத் தூவும். பூனைக்காலிக் காயைத் தொட்டறிந்தோர்க்கு இச்சுணையின் வேதனையை விளக்க வேண்டா. கண்ணிலும் மூக்கிலும் பட்டால் அதனினும் கொடிது. இதன் கடியோ மனிதர்க்கு வலி தருமேயன்றி உயிர் போக்காது.

தாய்ச்சிலந்தி தன் முட்டைப்பையை நெய்யும்போது அதே சுணையை நூலோடு கலந்து வைக்கின்றது. முட்டைகளைத் தின்ன வரும் ஈப்புழுக்கள் அதனுட் புகுதல் அரிதாகும். பெண் 15 ஆண்டுக்கு மேலும் வாழும். ஆணோ பருவமெய்திய பின் நெடுநாள் இராது.

வெனிசுவேலாவின் பியாரோவா மக்கள் இச்சிலந்தியை வளையினின்று பிடித்து, சுணையை நெருப்பிற் பொசுக்கி, சுட்டு உண்கின்றனர். சுவை இறாலை ஒக்குமாம்.