பொது மைதானத்தின் வரவு செலவு

2022 அக்டோபர் 23, ஞாயிறு இரவு. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் எண்ணிய தலைகள் 90,293. ஆடியது இந்தியாவும் பாகிஸ்தானும். சொந்த ஊர் அணி களத்திலேயே இல்லை. 3 வாரம் கழித்து அதே மைதானத்தில் டி20 உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி நடந்தது. வந்தவர்கள் 80,462 பேர். கோப்பையைப் பார்க்க வந்தவர்களைவிடச் சண்டையைப் பார்க்க வந்தவர்கள் 9,831 பேர் அதிகம்.

இந்தியா-பாகிஸ்தான் ஆட்டத்தின் இருக்கைகள் விற்றுத் தீர்ந்ததும், நின்றுகொண்டே பார்க்க 4,000-க்கு மேற்பட்ட டிக்கெட்டுகளைத் தலா 30 ஆஸ்திரேலிய டாலருக்கு விட்டார்கள். 10 நிமிடத்தில் அவையும் காலி. நிமிடத்துக்கு 400 பேர், கால் கடுக்க நிற்பதற்குக் காசு கட்டியிருக்கிறார்கள். 2019 உலகக் கோப்பையில் இதே இரு அணிகள் மோதிய மான்செஸ்டர் கணக்கு இதைவிடக் கொடுமை: சுமார் 25 ஆயிரம் இடத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம். ஒரு நாற்காலிக்கு 16 பேர்.

இரு அணிக்கும் சொந்தமில்லாத இடத்தைப் பொது மைதானம் என்கிறோம். புல்லுக்கும் நடுவருக்கும் அந்தப் பெயர் சரி, கேலரிக்குச் சரிவராது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வாழும் இந்தியாவில் பிறந்தவர்கள் சுமார் 6.73 லட்சம், பாகிஸ்தானில் பிறந்தவர்கள் ஏறக்குறைய 90 ஆயிரம். ஒருவருக்கு ஏழரைப் பேர். மெல்போர்ன் கேலரியில் இந்திய நீலம் ஏன் வழிந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இன்னொரு பொது மைதானமான ஷார்ஜாவில் களத்துக் கணக்கே வேறு. அங்கே இரு அணிகளும் மோதிய 24 ஒருநாள் போட்டிகளில் பாகிஸ்தானுக்கு 18, நமக்கு 6. 1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை, கடைசிப் பந்தில் பாகிஸ்தானின் மியாண்டட் அடித்த சிக்சரை அந்த 18-இல் ஒன்றாக மட்டும் எழுத நம்மூர்க்காரர்களுக்கு இன்றும் கை வராது.

செலவுப் பக்கத்தில் பெரிய தொகை நியூயார்க்குக்கு. 2024 டி20 உலகக் கோப்பைக்காக அங்கே பூங்கா ஒன்றில் 34,000 இருக்கைகளுடன் தற்காலிக அரங்கம் எழுப்பினார்கள். செலவு சுமார் 3 கோடி டாலர். இருக்கைக்கு 880 டாலர் விழுகிறது. 8 ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். ஜூன் 9 அன்று 34,028 பேர் பார்க்க இந்தியா எடுத்தது 119, பாகிஸ்தான் 113. மறு ஆண்டு சாம்பியன்ஸ் டிராபியைப் பாகிஸ்தான் நடத்தியது. ஆனால் இந்தியாவுடன் ஆட அந்த அணி துபாய்க்கு விமானம் ஏறியது. விருந்து கொடுப்பவர் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்ட கதை. இரு நாடுகளும் தங்களுக்குள் கடைசியாகத் தொடர் ஆடி முடித்தது 2013 ஜனவரியில். லாகூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் அதன் பிறகு இந்த மோதல் பெரும்பாலும் டிவி வழியாகத்தான்.

இத்தனை செலவுக்கும் வரவு ஒன்று உண்டு: இரண்டாவது குரல். 2023 அக்டோபரில் அகமதாபாத்தில் இந்தியாவுக்கு எதிராகப் பாகிஸ்தான் 155-க்கு 2 என்ற நிலையிலிருந்து 191-க்குள் சுருண்டது. 36 ஓட்டத்தில் 8 விக்கெட். விசா கிடைக்காததால் பாகிஸ்தான் ரசிகர்கள் அங்கே அநேகமாக இல்லை. லட்சம் பேர் கத்தினாலும் அது ஒரே பக்கத்துச் சத்தம், எதிர்ப்பாட்டு இல்லாத லாவணி மாதிரி. மெல்போர்னில் அப்படி இல்லை. 160 என்ற இலக்கை நோக்கிப் போன இந்தியா 31-க்கு 4 என்று தடுமாறியபோது நீலம் அடங்கிப் பாகிஸ்தானின் பச்சை எழுந்தது. 8 பந்தில் 28 தேவைப்பட்ட இடத்தில் ஹாரிஸ் ரவூஃபின் பந்துகளில் கோலி அடுத்தடுத்து 2 சிக்சர் அடித்ததும் சத்தம் கைமாறியது. என் கணக்கில் இந்தக் கைமாற்றத்துக்குத்தான் டிக்கெட் காசு.

கடைசி ஓவரின் 5-ஆவது பந்தில் தினேஷ் கார்த்திக் அவுட். 1 பந்தில் 2 ஓட்டம் வேண்டும். உள்ளே வந்த சென்னைக்காரர் அஸ்வின், காலுக்கு வெளியே போன பந்தைத் தொடாமல் விட்டு வைடு வாங்கினார். அடுத்ததை மிட்-ஆஃப் தலைக்கு மேல் தூக்கினார். ஸ்கோர் அட்டையில் அவர் பெயருக்கு நேராக: பந்து 1, ஓட்டம் 1, ஆட்டமிழக்கவில்லை.